கியரைக் கழட்டுங்க, பிரேக்கைக் கழட்டாதீங்க

போன ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஒரு தம்பியைப் பார்த்தேன். பதினெட்டு வயசு இருக்கலாம். பழைய ஸ்டீல் ரோடு பைக், பச்சைக் கலர், பளபளன்னு துடைச்சு வெச்சிருந்தான். கியர் சாமான் ஒண்ணு விடாமக் கழட்டியாச்சு. "ஃபிக்ஸ்டு ஆக்கிட்டேண்ணா"ன்னு ஆசையாக் காட்டினான்.

எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. குனிஞ்சு பின் சக்கரத்தைப் பார்க்கற வரைக்கும்.

ஃப்ரீவீல் மாட்டற சாதா ஹப் (சக்கரத்தோட நடு உருளை). அதுல பல்சக்கரத்தைத் திருகி, மேல பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உக்கார்ற இடம்) ரிங் ஒண்ணைப் போட்டு இறுக்கி, மரையில பசையும் தடவியிருக்கான். முன் பிரேக் இல்ல. பின் பிரேக்கும் இல்ல. ஏம்பான்னு கேட்டா, "பிரேக் இருந்தா லுக் போயிடும்ணா."

அங்கேயே உக்காந்து பேசினேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. நானும் இதே வேலையைப் பண்ணவன். பழைய ரோடு பைக்கை ஃபிக்ஸ்டு ஆக்கறது சைக்கிள் பிரியர் ஒருத்தர் தனக்குத்தானே செஞ்சுக்கக்கூடிய ரொம்ப நல்ல காரியம்னு மனசார நம்பறேன். அதனாலதான் இவ்வளவு கோபம். இதை ஒழுங்காப் பண்றது கஷ்டமே இல்ல. எப்படின்னு எழுதிடறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம்.

சாதாரண சைக்கிள்ல பெடல் மிதிக்கறதை நிறுத்தினா சக்கரம் பாட்டுக்கு ஓடும், டிக்டிக்டிக்னு ஒரு சத்தம் வரும். அந்த வேலையைச் செய்யறது ஃப்ரீவீல். ஃபிக்ஸ்டுல ஃப்ரீவீலே கிடையாது. பின் பல்சக்கரம் ஹப்போட ஒட்டின மாதிரி. சக்கரம் சுத்தினா பெடல் சுத்தும். பெடல் நின்னா சக்கரம் நிக்கும். வண்டி ஓடற வரைக்கும் காலுக்கு ஓய்வே கிடையாது. (குழந்தைங்களோட மூணு சக்கர வண்டியும் இப்படித்தான். அதுல பெடல் முன் சக்கரத்துலயே நேரா இருக்கும்.)

என் வண்டி 80-கள்ல வந்த ஒரு ஜப்பான் ஸ்டீல் ஃப்ரேம். முன்னாடி 52, 42 பல்லுன்னு ரெண்டு பல்சக்கரம், பின்னாடி ஆறு. கியர் லிவர் ஃப்ரேமோட கீழ்க்குழாயில இருக்கும், கையைக் கீழ விட்டு மாத்தணும். நான் வாங்கறப்பவே பின் டிரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் தள்ளி, இழுத்தும் பிடிக்கற கருவி) ஸ்பிரிங் செத்துப்போச்சு. ரெண்டு கியர்தான் ஒழுங்கா விழும். ஒரு கடையில கேட்டதுக்கு, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு மனசு வரல. ஃப்ரேம்ல ஒரு துரு கிடையாது. தட்டினா மணி மாதிரி சத்தம்.

(கியர் மேல எனக்கு விரோதம் எதுவும் இல்ல. அந்த டிரெய்லர் சன்டூர் கம்பெனியோடது. கியர் கூண்டு பல்சக்கரங்களோட சரிவை ஒட்டியே சாய்வா நகர்ற அந்த வடிவமைப்புக்கு அவங்க 1964-ல காப்புரிமை வாங்கினாங்க. 80-கள் நடுவுல அது முடிஞ்சதும் மத்த கம்பெனிங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு நீங்க ஓட்டற கியர் சைக்கிள்லயும் அந்த யோசனை இருக்கும். கழட்டினதைத் துடைச்சு அலமாரியில வெச்சிருக்கேன்.)

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு பைசா செலவு பண்றதுக்கு முன்னாடி பின் சக்கர ஆக்சில் உக்கார்ற வெட்டைப் பாருங்க. டிராப்அவுட்னு சொல்வாங்க. அந்த வெட்டு படுத்தாப்ல முன்பக்கமா நீண்டிருந்தா உங்க வண்டி இதுக்குத் தோது. நேரா கீழ பார்த்து நின்னா, வேற வண்டி தேடுங்க.

ஏன்னா, ஃபிக்ஸ்டுல செயினை இழுத்துப் பிடிக்க டிரெய்லர் கிடையாது. சின்னதா ஸ்பிரிங் டென்ஷனர் ஒண்ணு போடலாமேன்னு சிலர் கேப்பாங்க. போடவே கூடாது. நீங்க பெடலை எதிர்த்து அழுத்தறப்ப இழுவை முழுக்க செயினோட கீழ்ப்பக்கத்துக்கு வரும். டென்ஷனர் வளையும், இல்ல பிச்சுக்கும். அதனால சக்கரத்தையே பின்னாடி தள்ளித்தான் செயினை டைட் பண்ணணும். அதுக்கு வெட்டு நீளமா இருக்கணும். நேர் வெட்டு வண்டிக்கு எக்சென்ட்ரிக் ஹப்னு ஒண்ணு இருக்கு, ஆனா அந்த விலைக்கு இன்னொரு பழைய ஃப்ரேமே தேடிடலாம்.

80-களோட ரோடு பைக்ல பெரும்பாலும் படுத்த வெட்டுதான். அதனாலதான் பழைய வண்டியைத் தேடச் சொல்றேன்.

அடுத்தது ஹப். அந்தத் தம்பிகிட்ட நான் ரொம்ப நேரம் பேசினது இதைப் பத்தித்தான்.

டிராக் ஹப்ல, அதாவது பந்தயத் தடத்துல ஓடற ஃபிக்ஸ்டு வண்டிக்குன்னே செஞ்ச ஹப்ல, ரெண்டு படி மரை இருக்கும். பெரிய படியில பல்சக்கரம், வழக்கமான வலது மரை. அதுக்கு வெளியில கொஞ்சம் சின்ன படி, அதுல லாக்ரிங். அது இடது மரை. இந்த இடது மரைதான் மொத்த விஷயமே. நீங்க பெடலை எதிர்த்து அழுத்தறப்ப பல்சக்கரம் கழண்டு வெளிய வரப் பார்க்கும். வர்றப்ப லாக்ரிங்கையும் சேர்த்துத் திருப்பும். லாக்ரிங் இடது மரைங்கறதால அந்தத் திருப்பு அதை இன்னும் இறுக்கும். கழட்டப் பார்க்கற விசையே பூட்டா மாறிடுது. எவ்வளவு அழகான யோசனை!

சாதா ஃப்ரீவீல் ஹப்ல அந்த ரெண்டாவது படியே கிடையாது. பல்சக்கரத்தோட மரையும் ஃப்ரீவீல் மரையும் ஒரே அளவுதான், அதனால அழகா ஏறும். பழைய பாட்டம் பிராக்கெட் ரிங்கும் அதே அளவு, அதுவும் ஏறும். ஏறிட்டா சரியாயிடுச்சுன்னு நினைக்கறாங்க. ரெண்டுமே வலது மரை. எதிர்த்து அழுத்தினா ரெண்டும் சேர்ந்தே கழளும். பசை எத்தனை நாள் தாங்கும்? கழண்ட அன்னிக்கு உங்க கால் சும்மா பின்னாடி சுத்தும், செயின் கீழ விழுந்து சக்கரத்துல சிக்கிச்சுன்னா வண்டி நின்ன இடத்துல நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க.

இந்த ஏற்பாட்டுக்கு உலகம் பூரா 'தற்கொலை ஹப்'னே பேரு. சும்மா வைக்கல.

அதனால டிராக் ஹப்போட பின் சக்கரம் ரெடிமேடா வாங்கிடுங்க. ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல்னு 'ஃபிளிப் ஃபிளாப்' ஹப் கிடைக்கும். என்னோடது அதுதான். இன்னொரு லாபமும் உண்டு. ஆறு கியர் சக்கரத்துல வலப்பக்கம் இடம் வேணுங்கறதுக்காக ரிம்மை ஒரு பக்கமாத் தள்ளிக் கட்டியிருப்பாங்க, ரெண்டு பக்க ஸ்போக்ஸும் சமமா இழுக்காது. டிராக் சக்கரத்துல ரெண்டு பக்கமும் சமம். சக்கரம் உறுதியா நிக்கும்.

இப்ப அளவு. டிராக் ஹப் அகலம் 120 மில்லிமீட்டர். பழைய அஞ்சு கியர் ஃப்ரேமும் 120 தான், அப்படியே உக்காந்துடும். ஆறு, ஏழு கியர்னா 126. எட்டுக்கு மேலன்னா 130. என்னோடது 126. ஃப்ரேமை அமுக்கி நட்டைத் திருகினா ஸ்டீல் கொடுக்கும்தான், ஆனா அது தேவையில்லாத வன்முறை. ஆக்சில்ல பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் வாஷர் போட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு.

ரிம் சைஸையும் பாருங்க. பல பழைய வண்டியில 27 இஞ்ச் சக்கரம் (630 மில்லிமீட்டர்), இப்ப வர்றது 700சி (622). வித்தியாசம் 8 மில்லிமீட்டர், அதாவது பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழ இறங்கணும். பழைய பிரேக்ல அந்த அளவுக்கு இடம் பெரும்பாலும் இருக்கும். முதல்லயே அளந்துடுங்க.

அப்புறம் செயின் லைன். எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம்.

முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கியர் வண்டியில செயின் கோணலா ஓடினாலும் டிரெய்லர் சமாளிச்சுக்கும். இங்க சமாளிக்க யாரும் இல்ல. டிராக் ஹப்ல பல்சக்கரம் ஃப்ரேமோட நடுக்கோட்டுல இருந்து சுமார் 42 மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். முன்னாடியும் அதே 42 வரணும்.

52 பல்லைக் கழட்டிட்டு 42 பல்லை மட்டும் வெச்சுக்கிட்டேன். கிராங்க்ல (பெடலைத் தாங்கற கை) வெளிப்பக்கம் போட்டா பார்க்க நல்லா இருக்கேன்னு முதல்ல வெளிய போட்டுப் பார்த்தேன். வண்டியைத் தலைகீழா நிறுத்திக் கையால பெடலைச் சுத்தினா, ஒவ்வொரு கண்ணியும் பல்லோட பக்கவாட்டுல உரசிக்கிட்டே ஏறுது. கர்ர்ர்னு சத்தம். ஸ்கேல் வெச்சு அளந்தேன், 4 மில்லிமீட்டர் வெளிய நிக்குது. உள்பக்கம் மாத்தினேன். (ஒத்தைப் பல்சக்கரத்துக்குக் குட்டை போல்ட் வேணும், பழைய நீள போல்ட் இறுகாது.) திரும்பச் சுத்தினேன்.

சத்தமே இல்ல!

எண்ணெய் போட்ட செயின் நேர்கோட்டுல ஓடறப்ப ஒரு அமைதி வரும் பாருங்க, கியர் வண்டியில அதைக் கேட்கவே முடியாது.

செயின் டென்ஷன்ல ஒரு நுணுக்கம் இருக்கு. சக்கரத்தைப் பின்னாடி இழுத்து இறுக்கிட்டுப் பெடலை மெல்ல சுத்தினா, ஒரு இடத்துல செயின் டைட்டா இருக்கும், அரைச் சுத்து தள்ளி லூசாயிடும். முன் பல்சக்கரம் கிராங்க்ல துளியூண்டு ஓரமா உக்காந்திருக்கறதுதான் காரணம். பல்சக்கர போல்ட்டுகளை லேசா தளர்த்தி (கழட்டக் கூடாது), செயின் ரொம்ப டைட்டா இருக்கற இடத்துல நிறுத்தி, சின்ன மரக்கட்டையால செயினை லேசா ஒரு தட்டு. பல்சக்கரம் மயிரிழை நகரும். இன்னும் கொஞ்சம் சுத்தி அடுத்த டைட்டான இடத்துல ஒரு தட்டு. கொஞ்ச நேரத்துல முழுச் சுத்துக்கும் ஒரே இழுவை வந்துடும். அப்புறம் போல்ட்டை ஒண்ணுவிட்டு ஒண்ணா இறுக்கணும். கடைசியில செயினோட நடுவுல விரல் வெச்சா மேலயும் கீழயும் சேர்த்து ஒரு அரை இஞ்ச் ஆடணும். அதுக்கு மேல லூசுன்னா கழண்டு விழும், அதை விட டைட்டுன்னா பேரிங் தேயும்.

இந்தத் தட்டற வித்தையை ஷெல்டன் பிரவுன் எழுதினதைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒரு சைக்கிள் கடையில வேலை பார்த்தவர். 2008-ல போயிட்டார். தனக்குத் தெரிஞ்ச மரை அளவு, ஹப் அளவு எல்லாத்தையும் இணையத்துல இலவசமா எழுதி வெச்சுட்டுப் போன மகராசன். பழைய சைக்கிளை ரிப்பேர் பண்ற எல்லாருமே ஏதோ ஒரு ராத்திரி அவர் எழுதினதைப் படிச்சிருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை, பெரிய எழுத்துல படிங்க. ஃபிக்ஸ்டு செயினைச் சுத்தவிட்டுக்கிட்டே துணியால துடைக்காதீங்க. துணி மாட்டிக்கிட்டா விரலும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள்ள போகும். சாதா வண்டியில கையை இழுத்தா செயின் நின்னுடும். இங்க சுத்தற சக்கரம் முழுசும் செயினை இழுத்துக்கிட்டே இருக்கும். இப்படி விரல் நுனி போனவங்க நிறைய பேர். சக்கரத்தை நிறுத்தி, துடைச்சு, கொஞ்சம் தள்ளி, திரும்ப நிறுத்தி, அப்படித்தான். ஷூ லேசு, பேன்ட் கால், ரெண்டையும் அதே பயத்தோட பாருங்க.

பல்லு கணக்கு. ஒரே ஒரு கியர்தான், அதனால யோசிச்சு எடுக்கணும். 42-க்கு 16 போட்டு ஓட்டினேன், 17 போட்டும் ஓட்டினேன். 42-17-ல ஒரு மிதிக்கு வண்டி சுமார் 5.2 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 90 மிதி மிதிச்சா 28 கிலோமீட்டர் வேகம். 16-ல அதே மிதிக்கு 30 பக்கம். கணக்குல சின்ன வித்தியாசம்தான், எதிர்க்காத்துல சாங்கி கோஸ்ட் ரோடுல மிதிச்சுப் பாருங்க, முழங்கால் சொல்லும். 17-லயே நின்னுட்டேன். சிங்கப்பூர்ல உயரமான புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர்தான். தட்டையான ஊரு, ஒத்தை கியருக்குன்னே செஞ்ச மாதிரி. கொடைக்கானல்ல இருக்கறவங்க இந்தப் பதிவை இதோட மூடிடலாம், மலை இறக்கத்துக்கு இது ஆகாது. இறக்கத்துல வண்டி எவ்வளவு வேகமாப் போகுதோ அவ்வளவு வேகமா காலும் சுத்தியாகணும்.

(பின் சக்கரத்தை லாக் பண்ணிச் சறுக்கி நிக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 48-16 மாதிரி மிச்சமில்லாம வகுபடற ஜோடி போட்டா, ஒவ்வொரு தடவையும் டயரோட ஒரே இடம்தான் தேயும். 17 பகா எண்ணுங்கறதால தேய்மானம் 17 இடத்துக்குப் பிரிஞ்சுடும்.)

எல்லாம் மாட்டினதும் ஒரு ஏத்தத்துல மிதிங்க. நான் மவுண்ட் ஃபேபர் போனேன். அழுத்தி மிதிக்கறப்ப பல்சக்கரம் ஹப்ல இன்னும் கொஞ்சம் இறுகும், லாக்ரிங்குக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விழும். வீட்டுக்கு வந்து லாக்ரிங்கைத் திரும்ப ஒரு இறுக்கு இறுக்கணும். இதை விட்டுடாதீங்க.

ஓட்டறது எப்படி இருக்கும்?

முதல்ல ஆள் இல்லாத இடத்துல பழகுங்க. கால் பழக்க தோஷத்துல நிக்கப் பார்க்கும். பெடல் நிக்க விடாது, காலைத் தூக்கிப் போடும். வளைவுல உள்பக்கப் பெடலை மேல தூக்கி வெச்சுக்க முடியாது, அதனால ரொம்பச் சாய்ச்சா பெடல் தரையில இடிக்கும். (டிராக் வண்டியில 165 மில்லிமீட்டர் கிராங்க் நிறையப் பார்க்கலாம். ரோடு பைக்ல 170 சகஜம். அந்த 5 மில்லிமீட்டரை வளைவுல மனசுல வெச்சுக்கணும்.) பாதம் பெடலை விட்டு நழுவாம இருக்க ஸ்ட்ராப் வேணும்.

பழகினதுக்கப்புறம் வர்ற சந்தோஷத்தை எப்படிச் சொல்றது? முன்னாடி ஒரு குழந்தை ஓடறது தெரிஞ்சா கால் தானா கனக்கும், வண்டி தானா மெதுவாகும். ரோடு ஈரமா இருக்கறது பாதத்துல தெரியும். கியர் எது போடணுங்கற யோசனையே இல்ல. காத்து வந்தா மெதுவாப் போறோம், காத்து போனா வேகமாப் போறோம், அவ்வளவுதான். விடிகாலையில பார்க் கனெக்டர்ல சத்தமில்லாத செயினோட போறப்ப, 40 வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச ஒரு ஃப்ரேம் இன்னும் இப்படி ஓடுதேன்னு நெஞ்சு நிறைஞ்சு போகுது.

ஒத்தை கியர் ஒண்ணும் புதுக் கூத்து இல்ல. டூர் டி பிரான்ஸ் 1903-ல ஆரம்பிச்சது. அதை நடத்தின ஆன்ரி தெகிராஞ்சுக்கு டிரெய்லர்னா ஆகாது. 1937 வரைக்கும் அந்தப் பந்தயத்துல டிரெய்லரை விடல. அதுவரைக்கும் பின் சக்கரத்துல ரெண்டு பக்கமும் பல்சக்கரம் வெச்சுக்கிட்டு, மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழட்டித் திருப்பிப் போட்டுக்கிட்டு ஏறுவாங்க. என் ஃபிளிப் ஃபிளாப் ஹப்பும் அதே வம்சம்தான்.

இப்ப பிரேக்.

சைக்கிள் பந்தயத் தடமான வெலோட்ரோம்ல பிரேக் கிடையாது, ஜப்பான்ல 1948-ல இருந்து நடக்கற கெய்ரின் பந்தயத்துலயும் கிடையாதுன்னு பசங்க வாதம் பண்றாங்க. உண்மைதான். அங்க எல்லாரும் ஒரே திசையில போறாங்க, எல்லார் வண்டியும் ஃபிக்ஸ்டு, யாருமே திடீர்னு பிரேக் போட முடியாதுங்கறதுதான் அங்க பாதுகாப்பு. அங்க பந்தைத் துரத்திக்கிட்டு குறுக்க வர்ற குழந்தை கிடையாது. பஸ் கிடையாது. நாயும் கிடையாது.

காலால நிறுத்தறது பின் சக்கரத்தை மட்டும்தான். வண்டி வேகம் குறையறப்ப எடை முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகும், பிடிப்பு போயிடும். எவ்வளவு பலசாலியா இருந்தாலும் இதை மாத்த முடியாது. முன் பிரேக்ல நிக்கற தூரத்தை விட, பின் சக்கரத்தை மட்டும் நம்பி நிக்கற தூரம் காய்ஞ்ச ரோட்டுலயே சுமார் ரெண்டு மடங்கு. இங்க பெய்யற மழைக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

2021-ல இந்த ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு பிரேக் இல்லாத வண்டியில கார் நிறுத்துற கட்டடத்துல இருந்து விழுந்து செத்துப்போச்சு. அதே வருஷம் சட்டம் மாறிச்சு. கைப்பிரேக் வேலை செய்யாத சைக்கிளை ரோட்டுலயோ பொதுப் பாதையிலயோ ஓட்டக் கூடாது. பிரிட்டன்ல ஃபிக்ஸ்டுக்கு முன் பிரேக் கட்டாயம்னு எப்பவோ சொல்லிட்டாங்க. ஜெர்மனியில ரெண்டு பிரேக் வேணும்.

என் வண்டியில ரெண்டு பிரேக்கும் இருக்கு. பழைய லிவர், புது கேபிள், புது கட்டை. பழைய ரோடு பைக்கை மாத்தறதுல பெரிய அனுகூலமே இதுதான், பிரேக் மாட்டற துளை ஃப்ரேம்லயே இருக்கு, லிவரும் ஹேண்டில்பார்ல ஏற்கனவே இருக்கு. இருக்கறதைக் கழட்டாம விட்டாலே போதும். லுக்? வெள்ளிக் கலர் பழைய பிரேக் ஒண்ணைப் பாலிஷ் போட்டுப் பாருங்க, வண்டிக்கு அதை விட அழகான நகை வேற கிடையாது.

கியர் லிவர் இருந்த முனைகளையும் டிரெய்லர் தொங்கின கொக்கியையும் ரம்பம் போட்டு அறுக்காதீங்க. வேற யாராவது ஒருநாள் அதே ஃப்ரேம்ல கியர் மாட்டணும்னு ஆசைப்படலாம்.

இந்த வேலைக்குன்னே தேவைப்படற விசேஷ டூல் ரெண்டுதான், லாக்ரிங் ஸ்பேனரும் செயின் விப்பும். மத்ததெல்லாம் அல்லன் கீயும் 15 நம்பர் ஸ்பேனரும் பார்த்துக்கும். அந்த ரெண்டும் என்கிட்ட இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கற தம்பி, தங்கச்சி யாருக்கு வேணும்னாலும் கேளுங்க, தர்றேன். டிராக் ஹப் வாங்கின பிறகு வாங்க. வர்றப்ப வண்டியில பிரேக் இருக்கணும்.